மேனேஜர் நெத்தியில பச்சை

…இல்ல தம்பி, நான் கேக்கறேன், ஆஸ்பத்திரி கட்டத் தெரிஞ்சவனுக்கு, அதுல பெஞ்சு போடத் தெரிஞ்சவனுக்கு, அந்த பெஞ்சுல முதுகு சாய்ச்சுக்க ஒரு பலகை அடிக்கத் தெரியாதா? நாய் கடிச்சு வந்தவன் இடுப்பு ஒடிஞ்சு போவான் போல இருக்கே! அட, உக்காருங்க. எதுக்கு எழுந்துக்கறீங்க? இப்பத்தான் அறுபத்தொண்ணு உள்ள போயிருக்கு. நம்மளது எழுபத்துநாலு. என்ன… மீட்டிங்கா? பதினொண்ணரைக்கா? போலாம், போலாம். கம்ப்யூட்டருக்குள்ள நடக்கற மீட்டிங்தானே, நீங்க இல்லன்னா யாருக்குத் தெரியப்போகுது.

என் முட்டி தனியா படியேறாதுன்னுதானே உங்களக் கூப்பிட்டேன். நீங்களும் குடிவந்து ஒரு மாசம்தான் ஆகுது, கீழ்வீட்டு அம்மா ஒரு உதவின்னு கேட்டுட்டாங்களேன்னு செருப்ப மாட்டிக்கிட்டு கூடவே வந்துட்டீங்க. இந்தக் காலத்துல யாரு வர்றா? நம்ம அடுக்குமாடியில பதினாறு வீடு. பதினாறுல ஒருத்தர்கூட வரமாட்டாங்க. பதினொரு வருஷமா நான் செயலாளரா இருக்கேன்ல, எனக்குத் தெரியும். போட்டியே இல்லாம ஜெயிச்சேன்னு எங்க வீட்டுக்காரரு, இவரு, சொல்லிக்காட்டுவாரு. யாரும் நிக்கலன்னா அது என் தப்பா?

டோக்கனா? என்கிட்டயே இருக்கட்டும். வந்த மொத நாளே மொட்டைமாடிச் சாவியத் தொலைச்ச ஆளு நீங்க. இந்தப் பையிலதான் இருக்கு, பத்திரமா இருக்கு.

கையா? ஒண்ணுமில்ல. சின்னக் கீறல். அதான் துண்டு சுத்தியிருக்கேன். இதுக்குத்தான் வந்தோம்னு வச்சுக்குங்களேன்.

அந்தப் பலகையப் படிச்சீங்களா? 'நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவும்.' பதினஞ்சு நிமிஷம்! நம்ம குழாயில மொதல்ல பதினஞ்சு நிமிஷம் தண்ணி ஓடுதா? ரெண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் இருமும், அப்புறம் காத்து வரும். போன வாரம்கூட மோட்டார் ரூம் விஷயமா அறிவிப்புப் பலகையில எழுதிப் போட்டேன், ஒருத்தராவது படிச்சாங்களா? அது கிடக்கட்டும். நீங்க எவ்வளவு நேரம் கழுவினீங்க, அன்னிக்கு? குதிகால? சும்மா கேட்டேன். … ரெண்டு நிமிஷமா. ம். சோப்பு? … போட்டீங்களா. நல்லது. நல்லது, நல்லது.

ஐயோ, போன எடுக்காதீங்க தம்பி! அங்க பாருங்க, 'அமைதி காக்கவும்'னு போட்டிருக்கு. நர்சம்மா முறைக்கறாங்க பாருங்க. … என்னையா? என்னை எதுக்கு முறைக்கப் போறாங்க, நான் மெதுவாத்தானே பேசறேன். யாரு, வீட்டம்மாவா? அப்புறம் பேசிக்கலாம். பத்து நிமிஷம் கழிச்சு நானே எடுக்கச் சொல்றேன்.

பாப்பா ஸ்கூலுக்குப் போயிடுச்சா? ம். சமத்து. சாயந்திரம் வந்ததும் கீழ வந்து விளையாடுமில்ல… நாயத் தொடுமா? இல்ல, சில குழந்தைங்க பயப்படும், சில குழந்தைங்க பயப்படாது, அதனால கேட்டேன். பிஸ்கட் குடுக்குமா. கையிலயே வச்சா குடுக்கும்? … ஓஹோ. நக்கிட்டுப் போகுமா. சரி. சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

அறுபத்தஞ்சாம். பாருங்க, பேசிக்கிட்டிருந்தா நேரம் போறதே தெரியாது.

இந்த நோய் திரும்பி வந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், பார்த்தீங்களா? திரும்பி வந்துடுச்சாம்! கோச்சுக்கிட்டுப் போன மாமனாரு பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வர்ற மாதிரி எழுதறான். தானா எப்படி வரும்? யாரோ கதவத் தொறந்து விட்டாத்தானே வரும். நான் சொல்றேன் கேளுங்க. ஆறேழு வருஷமா நம்ம பக்கம் ஒரு வெறிநாயும் கிடையாது, அதனால செத்தவங்களும் கிடையாது. இல்லன்ன உடனே எல்லாருக்கும் தொக்காப் போச்சு. ஊசி போடற வண்டி மொதல்ல மாசாமாசம் வந்துது. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. அப்புறம் யாராவது பெரிய மனுஷர் கொடியசைக்க வந்தா மட்டும், அதுவும் கொடியசைச்ச தெருவோட நின்னுடும். இப்ப என்னாச்சு? நாய் நாலு, மனுஷங்க ரெண்டு. நாயப் பத்தி முதல் பக்கத்துல, மனுஷங்களப் பத்தி ஒன்பதாம் பக்கத்துல. நடுவுல பூராவும் கட்டில் விளம்பரம்.

அரசாங்கத்த மட்டும் சொல்லி என்ன பண்றது? ஜனங்களச் சொல்லணும். ஜனங்களத்தான் சொல்லணும். கடிச்சா, 'ஒண்ணும் ஆகாது, பழகின நாய்'னு சொல்றது. மூணு ஊசி போட்டதும் 'அதான் நல்லாயிட்டேனே'ன்னு நாலாவதுக்கு வராம இருக்கறது. அதவிட மோசம் இன்னொரு கூட்டம் இருக்கு. ஊசி போட வந்தா நாயக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சுட்டு, 'எங்க வீட்ல நாயே இல்லீங்களே'ன்னு வாசல்ல நின்னு பேசறது. உள்ளேர்ந்து அது குரைக்கும், இவங்க 'டிவி'ம்பாங்க. அந்த மாதிரி ஆளுங்களப் பிடிச்சு நடுரோட்டுல நிறுத்தி, நாலு பேரு பார்க்க…

…

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம். நீங்க உக்காருங்க.

மேனேஜரா? வர்ற வழியிலயே கேட்டீங்கல்ல, கேட்டுல காணோமேன்னு. இருக்கும், எங்கயாவது… அதுக்கு மேனேஜர்னு பேர் வச்சதே நான்தான், தெரியுமா? காலையில சரியா ஒன்பது மணிக்கு கேட்டுக்குள்ள வரும். உள்ள வர்றவங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்க்கும். நிழலாப் பார்த்துப் படுக்கும். அஞ்சு மணிக்கு எழுந்து சோம்பல் முறிச்சுட்டுப் போயிடும். நான் வேலை பார்த்த ஆபீஸ்ல எங்க மேனேஜர் இருபத்திரெண்டு வருஷம் அதத்தான் பண்ணாரு. இதுக்கு வாலாட்டத் தெரியும், அது ஒண்ணுதான் கூடுதல். ஆனா பாருங்க, அது வந்த நாள்லேர்ந்து நம்ம வளாகத்துல ஒரு சைக்கிள் திருடு போனதில்ல. நான் பால் வச்சா உடனே குடிக்காது. மொதல்ல என் முகத்த ஒரு தடவை பார்க்கும், அப்புறம்தான் வாய வைக்கும். எங்க புள்ள கடல் தாண்டிப் போயி எட்டு வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை போன்ல 'சாப்டியாம்மா'ன்னு கேப்பான். பதில் சொல்றதுக்குள்ள வேற யாரோ கூப்பிடுவாங்க அவன. இது அப்படியில்ல. பார்த்துட்டுத்தான் குடிக்கும். குடிச்சுது. குடிக்கும்…

அறுபத்தேழா கூப்பிட்டாங்க? எட்டா. எட்டு.

நான் எதுல விட்டேன்? ஆங், கேட்டு. கேட்டப் பத்தி சொல்லல இல்ல? இந்தக் கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கறதுக்குள்ள எனக்கு பாதி உசிரு போச்சு. நான் பச்சைன்னேன். கண்ணுக்குக் குளிர்ச்சி, அழுக்கு தெரியாது. தரைத்தளத்துல டியூஷன் டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க பிரவுன்னாங்க. பிரவுனாம்! ஏற்கெனவே துருப்பிடிச்சு பிரவுனாத்தானே இருக்கு, அப்புறம் பெயிண்ட் எதுக்கு? ஓட்டெடுப்பு வச்சோம். பதினாறு வீட்ல மூணு ஓட்டு விழுந்துச்சு. என்னுது, இவரோடது, டீச்சரோடது. பச்சை ஜெயிச்சுது. கடைக்காரன் எனாமல் பெயிண்ட்தான் நிக்கும்னு சொன்னான், ரெண்டு டப்பா வாங்கினோம். அடிச்சு முடிச்சும் அரை டப்பா மீதி. படிக்கட்டுக்கு அடியில வச்சேன். மூணு மாசம் முன்னாடி. நல்ல பெயிண்டு தம்பி. வெயில்லயும் போகல, மழைக்கும் போகல. அன்னிக்குக்கூட நீங்க பீரோ எறக்கும்போது கேட்டுல உரசிச்சே, பீரோவுலதான் கோடு விழுந்துச்சு, கேட்டுல ஒண்ணுமில்ல.

அதே வாரம்தான் ஊசிக்காரங்க வந்தாங்க. ஆமா, நம்ம தெருவுக்கு. எனக்கு ரெண்டு நாள் முன்னாடியே கடிதாசு வந்துடுச்சு, செயலாளர்ங்கறதால. 'தங்கள் வளாகத்தில் உள்ள நாய்களைத் தயார் நிலையில் வைக்கவும்.' தயார் நிலையில எப்படி வைக்கறது, குளிப்பாட்டித் தலை வாரியா? அவங்க எப்படிப் பண்றாங்க தெரியுமா? பெரிய வளையம், அதுல வலை. தூரத்துலேர்ந்து வீசுவாங்க, நாய் உள்ள சிக்கிக் கத்தும், ரெண்டு பேரு அமுக்குவாங்க, ஒருத்தன் ஊசி குத்துவான், இன்னொருத்தன் நெத்தியில பச்சை மையத் தடவுவான். ஒரு தடவை போட்டதுக்கே திரும்பப் போடாம இருக்க அடையாளம். பச்சை நெத்தி பார்த்தா வலைய வீச மாட்டாங்க, அடுத்த நாய்க்குப் போயிடுவாங்க. நல்ல ஏற்பாடுதான். யாரு குத்தம் சொன்னா?

ஆனா அதுக்கு முந்தின தடவை வந்தப்போ மேனேஜர் வலையப் பார்த்துட்டு ஓடினது ஓடினதுதான், ஒன்பது நாள் வரல. ஒன்பது நாள் தம்பி! நான் தெருத்தெருவாப் போயி 'மேனேஜர், மேனேஜர்'னு கூப்பிட்டேன். ஒரு பேங்க் வாசல்ல கூப்பிட்டப்போ உள்ளேர்ந்து ஒருத்தர் வெளிய வந்து 'என்னம்மா வேணும்'னு கேட்டாரு. சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வந்துச்சு அன்னிக்கு. பத்தாவது நாள் வந்துச்சு, ஒரு காது கிழிஞ்சு, எலும்பு எலும்பா. அப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், இனிமே இதுமேல வலை விழக்கூடாதுன்னு.

அதனால… இந்தத் தடவை அவங்க வந்தப்போ அதெல்லாம் பிரச்சினையே ஆகல. வந்தாங்க, பார்த்தாங்க. மேனேஜர் நிழல்ல படுத்திருந்துச்சு, நெத்தியில பச்சை. 'இதுக்குப் போட்டாச்சு போல'ன்னான் ஒருத்தன். வெயிலு. இன்னும் பதினொரு தெரு பாக்கி. என்கிட்ட ஒரு தாள நீட்டினாங்க, 'இந்த வளாகத்திலுள்ள அனைத்து நாய்களுக்கும் தடுப்பூசி போடப்பட்டது' அப்படின்னு அச்சடிச்சு இருந்துச்சு, கீழ 'செயலாளர் கையொப்பம்'. போட்டேன். என் கையெழுத்து நல்லா இருக்கும் தம்பி, ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுவாங்க. அவங்க தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். குடிச்சுட்டு 'உங்கள மாதிரி எல்லாரும் ஒத்துழைச்சா நாடு எங்கயோ போயிடும்மா'ன்னு சொல்லிட்டுப் போனான் அந்தப் புண்ணியவான்.

டீச்சருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. மறுநாள் கேட்டுகிட்ட நின்னு, மேனேஜரப் பார்க்கறாங்க, கேட்டப் பார்க்கறாங்க, திரும்ப மேனேஜரப் பார்க்கறாங்க. 'பரவால்லயே, கேட்டுக்கு மேட்ச்சா நாய் வச்சிருக்கீங்க'ங்கறாங்க! எப்படி இருக்கும் எனக்கு? நானும் விடல. 'பிரவுன் அடிக்க முடியலன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல்'னேன். அதோட பேச்சுவார்த்தை நின்னுது. மூணு மாசமா அவங்க படிக்கட்டுல வந்தா நான் மாடியில நிப்பேன், நான் வந்தா அவங்க கதவச் சாத்துவாங்க. எல்லாம் ஒரு வார்த்தையால.

மத்த தெரு நாய்ங்க நெத்தியில இருந்த மை பத்துப் பதினஞ்சு நாள்ல போயிடுச்சு. மேனேஜருது போகல. மழை பெஞ்சுது, போகல. மண்ணுல பொரண்டுது, போகல. 'நம்ம மேனேஜருக்கு ஸ்பெஷல் மை'ன்னு வாட்ச்மேன்கூட சொல்லுவான்.

எழுபத்தொண்ணு.

தம்பி, என்ன அப்படிப் பார்க்கறீங்க? பாக்காதீங்க. நான் சொல்லிக்கிட்டே வர்றேன்ல. கோர்வையாச் சொன்னாத்தான் எனக்கு வரும்.

முந்தாநாள் காலையில நீங்க குப்பை எடுத்துக்கிட்டு எறங்கினீங்க. நான் பால்கனியில துணி உலர்த்திக்கிட்டு இருந்தேன், பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். குப்பை எடுத்துப் போறவங்கள மேனேஜர் திரும்பிக்கூட பார்க்காது. அன்னிக்கு எழுந்துச்சு, ஒரு மாதிரி தள்ளாடி வந்துச்சு, குரைக்கக்கூட இல்ல, குதிகால்ல ஒரு கடி. நீங்க 'ஆ'ன்னீங்க. உங்க வீட்டம்மா மாடியிலேர்ந்து ஓடி வந்தாங்க. 'ஆஸ்பத்திரி போலாங்க, இப்பவே போலாங்க'ன்னாங்க. நான்தான் மேலேர்ந்து கத்தினேன், 'ஒண்ணும் ஆகாது! அது ஊசி போட்ட நாயி! நெத்தியில பச்சை தெரியலயா?'ன்னு. அதோட விட்டேனா? கீழ எறங்கி வந்து உங்க வீட்டம்மாவப் பார்த்து, 'படிச்ச பொண்ணு, இப்படியா பயந்து சாகறது'ன்னு சொன்னேன். களிம்பு குடுத்தேன், பஞ்சு குடுத்தேன். அந்தப் பொண்ணு என்ன நம்பி வீட்டுக்குள்ள போயிடுச்சு. போகும்போது 'தேங்க்ஸ் ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டுப் போச்சு. முந்தாநாள்லேர்ந்து அந்த ஒரு வார்த்தை காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

நேத்து மத்தியானம் மேனேஜரக் காணோம். தேடினா, மோட்டார் ரூமுக்குப் பின்னாடி, சுவத்துக்கும் குழாய்க்கும் நடுவுல முகத்தச் சொருகிக்கிட்டு நிக்குது. வாய் திறந்தபடியே இருக்கு. கீழ்த் தாடை தொங்குது, எச்சில் நூல் நூலா வழியுது. தண்ணி வச்சேன். வந்துச்சு தம்பி, குடிக்கணும்னுதான் வந்துச்சு. மூஞ்சியத் தண்ணிக்குள்ள வைக்குது, ஆனா உள்ள எறங்கல. அப்பவும் என் முகத்தத்தான் பார்த்துச்சு. எனக்கு என்ன தோணிச்சு? தொண்டையில எலும்பு சிக்கியிருக்குன்னு தோணிச்சு. இத்தனை வாசிச்சிருக்கேன், இத்தனை அறிவிப்பு எழுதியிருக்கேன், அந்த நேரத்துல எலும்புதான் தோணிச்சு. வாயப் புளந்து, இந்தக் கைய, மணிக்கட்டு வரைக்கும் உள்ள விட்டுத் துழாவினேன். எலும்பு இல்ல. ஒண்ணுமில்ல. வெளிய எடுக்கும்போது பல்லு கீறிடுச்சு. அது கடிக்கல. என்ன அது கடிக்கல தம்பி. அதுக்கு வாய மூடவே முடியல.

ஆமா. அதுதான் இந்தத் துண்டு.

இன்னிக்குக் காலையில இவரு போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாரு, போயிடுச்சுன்னு. நீங்க அப்ப காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு மீட்டிங்ல இருந்தீங்க, தெரிஞ்சிருக்காது. கால்நடை டாக்டர இவருதான் கூப்பிட்டாரு. வந்தாரு, கையுறை போட்டாரு, பார்த்தாரு. 'எல்லாக் குறியும் இருக்கும்மா. பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போறோம், ஆனா முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இது கடிச்சவங்க, இதோட எச்சில் பட்டவங்க, எல்லாரும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்'னாரு. நான் விடாம, 'ஊசி போட்ட நாயி டாக்டர், நெத்தியில பச்சை இருக்கே'ன்னேன். இன்னும்! செத்துக் கிடக்கற நாயப் பக்கத்துல வச்சுக்கிட்டு இன்னும் அதையேதான் சொல்றேன்! அவரு குனிஞ்சு நகத்தால அந்தப் பச்சையச் சுரண்டினாரு. பொருக்கா வந்துச்சு. கையில வச்சுப் பார்த்தாரு, அப்புறம் தலையத் தூக்கி நம்ம கேட்டப் பார்த்தாரு. 'இது எனாமல் பெயிண்டும்மா'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

நான்தான் அடிச்சேன் தம்பி. வண்டி வர்றதுக்கு முந்தின நாள், அந்த அரை டப்பாவ எடுத்து, பழைய பல் தேய்க்கற பிரஷ்ஷால. அது அசையாம உக்காந்து காட்டிச்சு. என் கைங்கறதால அசையல. வலை விழக்கூடாதுன்னு… ஊசி போடலன்னா என்ன ஆயிடப் போகுது, நோயே இல்லாத ஊருதானேன்னு… கட்டிலுக்கடியில ஒளிச்சு வைக்கறவங்களச் சொன்னேனே, அவங்களாவது நாய மட்டும்தான் ஒளிச்சாங்க.

இவரு இருக்காரே, வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவாரு. டாக்டர் போனதும் ஒண்ணு பேசினாரு. 'நீயே சொல்லு'ன்னாரு. நான் உங்க கதவு வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். மூணாவது தடவை பெல்ல அடிச்சேன், நீங்க வந்து நின்னு 'சொல்லுங்கம்மா'ன்னீங்க, வாயிலேர்ந்து 'முட்டி வலிக்குது, ஆஸ்பத்திரி வரைக்கும் துணைக்கு வர்றீங்களா'ன்னு வந்துடுச்சு. பதினொரு வருஷமா பதினாறு வீட்டுக்கும் புத்தி சொன்ன வாயி, இத மட்டும் சொல்ல வரல. எப்படியாவது இங்க கொண்டுவந்து உக்கார வச்சுட்டா, பேச்சோட பேச்சா சொல்லிடலாம்னு பார்த்தேன். அறுபத்தொண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன். எவ்வளவு நேரம் ஆயிருக்கு பாருங்க.

எழுபத்துமூணு போயாச்சு.

எழுந்துக்கறீங்களா? எழுந்துக்குங்க. ஆனா அந்தப் பக்கம் வாசலுக்குப் போகாதீங்க, இந்தப் பக்கம் கதவுகிட்ட போங்க. எழுபத்துநாலு எனக்கு எடுக்கல. உங்க பேர்லதான் எடுத்தேன். இந்தாங்க டோக்கன். ரெண்டு நாள்தான் ஆகியிருக்கு, பயப்படாதீங்க, இன்னும் நேரம் இருக்குன்னு டாக்டர் தெளிவாச் சொன்னாரு. கைல ஊசி, அப்புறம் கடிச்ச இடத்தச் சுத்தி ஒரு ஊசி. அது வலிக்கும். வலிச்சாலும் போட்டுக்குங்க. எத்தனை தடவை வரச் சொல்றாங்களோ அத்தனை தடவை வாங்க. நான் வந்து கதவத் தட்டுவேன், திட்டினாலும் தட்டுவேன்.

எழுபத்தஞ்சு உங்க வீட்டம்மாவுக்கு. அன்னிக்கு கடிவாய அவங்கதானே துடைச்சு விட்டாங்க, எதுக்கும் டாக்டர் பார்க்கட்டும். எழுபத்தாறு பாப்பாவுக்கு. … ஆமா, பாப்பாவுக்கும்தான். கையில வச்சுக் குடுத்துச்சுன்னு நீங்களே சொன்னீங்கல்ல. குழந்தை கையில எங்கயாவது ஒரு சிராய்ப்பு இல்லாம இருக்குமா? இவரு ஸ்கூலுக்குப் போயி கூட்டிட்டு வந்துக்கிட்டு இருக்காரு, உங்க வீட்டம்மாவோட. அதான் அப்ப போன் அடிச்சுது. இப்ப எடுங்க. அவங்களுக்குத் தெரியும் இப்ப. இவரு நாலு வார்த்தைதான் சொல்லியிருப்பாரு, ஆனா சரியாச் சொல்லியிருப்பாரு.

கடைசி டோக்கன்தான் எனக்கு. டீச்சருக்கும் சொல்லிட்டேன், டியூஷன் பசங்க அதுக்கு பிஸ்கட் போடுவாங்கல்ல. மூணு மாசம் கழிச்சு கதவத் தட்டி, மொத வார்த்தையே இதத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல தம்பி அவங்க. உள்ள போயி பசங்களோட வீட்டு நம்பர் எழுதின நோட்ட எடுத்துட்டு வந்து, ஒவ்வொருத்தருக்கா போன் பண்ண ஆரம்பிச்சாங்க. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும். நீங்களாவது… ஏதாவது சொல்லுங்களேன்.

கூப்பிடறாங்க, எழுபத்துநாலு. போங்க, போங்க தம்பி.

இருங்க, ஒரு நிமிஷம். உள்ள போனதும் அந்த நர்சம்மா கேப்பாங்க, 'கடிச்ச நாய்க்கு ஊசி போட்டிருந்ததா'ன்னு. பழக்கத்துல ஆமான்னு சொல்லிடாதீங்க. இல்லன்னு சொல்லுங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா, செயலாளரம்மா சொன்னாங்க, வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்கன்னு சொல்லுங்க. எழுதிக் குடுக்கணும்னா தாளக் குடுத்தனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வலது கை வீங்கியிருக்கு, இடது கையாலதான் போடணும். அன்னிக்குப் போட்டது அழகா இருந்துச்சு. இது கோணலாத்தான் வரும்.